மலிவான வாக்கி டாக்கியில் விமானப் பேச்சு கேட்பது எப்படி: குவான்ஷெங் யூவி-கே5 வைத்துத் தொடங்குவோருக்கு

கருவியை வாங்கி, 118 முதல் 137 வரை எண்களைத் தட்டிப் பார்த்து, இரண்டு நாள் இரைச்சலை மட்டும் கேட்டுவிட்டு மேசை இழுப்பறையில் போட்டவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோரின் கருவியில் எந்தப் பழுதும் இருக்காது. ஏஎம் நிலைக்கு மாற்றாதது, மின்கலச் சிக்கனத்தை அணைக்காதது, 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரின் குரலுக்காகக் காத்திருந்தது, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எண்ணைப் பதிவது ஐந்து நிமிட வேலை. மௌனம் ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் கற்க வேண்டிய விஷயம்.

கருவி சரியானதுதானா?

விமானிகளும் கட்டுப்பாட்டு அறையும் பேசும் பகுதி 118.000 முதல் 136.975 மெகாஹெர்ட்ஸ் வரை. பேச்சு ஏஎம்மில், அதாவது அலையின் வீச்சை ஏற்றி இறக்கிக் குரலைச் சுமக்கும் முறையில், நடக்கிறது. சாதாரண வாக்கி டாக்கிகள் எஃப்எம் மட்டுமே அறிந்தவை. விமானத் துறை இன்றும் ஏஎம்மை விடாததற்குக் காரணம் உண்டு. எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் மற்றவரை முழுதாக விழுங்கிவிடுவார், இன்னொருவர் கூப்பிட்டதே தெரியாது. ஏஎம்மில் இரண்டு குரலும் மோதி கீச்சென்று ஒலிக்கும், யாரோ குறுக்கிட்டார்கள் என்றாவது புரியும்.

பழைய பாவ்ஃபெங் யூவி-5ஆர் இதற்கு உதவாது. அதன் வானொலிப் பகுதி 108-இல் முடிகிறது, வாக்கி டாக்கிப் பகுதி 136-இல் தொடங்குகிறது. நமக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவே. கணினியில் எல்லையை மாற்றி எழுதி ஏமாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. எண் திரையில் வரும், ஆனால் உள்ளே ஏஎம் பிரிக்கும் வசதி இல்லை.

குவான்ஷெங் யூவி-கே5, அதன் உடன்பிறப்பான யூவி-கே6, டிட்ரேடியோ டிடி-எச்3, பாவ்ஃபெங்கின் புதிய யூவி-5ஆர்எம் ஆகியவை 108–136 பகுதியை ஏஎம்மில் கேட்கும். இங்கே யூவி-கே5 முறையைச் சொல்கிறோம். விசைகளும் மெனுப் பெயர்களும் மற்றவற்றில் மாறும், தத்துவம் மாறாது.

சட்டம்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் தொடங்கி 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வரை, இத்தகைய கருவியை வைத்திருப்பதே அனுமதிக்கு உட்பட்ட செயல். உரிமம் வேண்டாம் என்று 2018 விதிகள் விட்டுவைத்தது 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் குறைந்த ஆற்றல் கருவிகளை மட்டும். யூவி-கே5 அந்த வகையில் சேராது. இணையக் கடையில் கிடைக்கிறது என்பது அனுமதி ஆகாது. முறையான வழி ஹாம் எனும் பொழுதுபோக்கு வானொலி உரிமம்: தேர்வு எழுதி அழைப்புக்குறி வாங்குவது. விமானக் கேட்பில் ஆசை உள்ளவருக்கு அந்தப் பாடமும் பிடிக்கும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே கருவி வைத்திருக்கலாம், ஆனால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி உங்களுக்கு உரியதல்லாத பேச்சை வேண்டுமென்றே கேட்பது குற்றம். அமெரிக்காவில் வீட்டில் உட்கார்ந்து கேட்கத் தடையில்லை. நீங்கள் இருக்கும் நாட்டு விதியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

எந்த நாடானாலும் மாறாத விதி ஒன்று: விமான அலைவரிசையில் பிடிடி எனும் பேசும் பொத்தானை அமுக்கவே கூடாது. தொழிற்சாலை நிரலில் இப்பகுதியில் அனுப்புதல் பூட்டப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைத் திறக்கும் வழிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. தொடாதீர்கள். தரையிறங்கும் விமானத்துக்கு வரும் ஓர் உத்தரவின் மேல் உங்கள் இரைச்சல் விழுந்தால் அதை விளையாட்டு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, கருவியோடு விமான நிலைய மதிலோரம் போய் நிற்க வேண்டாம். உரிமம் கையில் இருந்தாலும் மதிய வேளை காவல் நிலையத்தில் கழியும். மொட்டை மாடி போதும்.

யாருடைய குரல் உங்களை எட்டும்?

இந்த அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைவுக்குப் பின்னால் இறங்காது. தூரத்தைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு: அனுப்புபவரின் உயரத்துக்கும் உங்கள் உயரத்துக்கும் மீட்டரில் தனித்தனியே வர்க்கமூலம் கண்டு கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர்.

10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானம்: வர்க்கமூலம் 100, ஆக 412 கிலோமீட்டர். நீங்கள் தரையில் இருந்தாலும் வானம் திறந்திருந்தால் எட்டும். 900 மீட்டரில் இறங்கிக்கொண்டிருக்கும் விமானம் ஏறத்தாழ 124 கிலோமீட்டர். ஆனால் 30 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்த டவரை, 10 மீட்டர் உயர மாடியிலிருந்து கேட்பதானால் 36 கிலோமீட்டருக்குள்தான். நடுவில் குன்றோ அடுக்குமாடியோ இருந்தால் அதிலும் பாதி போய்விடும்.

ஆகவே பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் வீடு இருப்பவருக்குச் சென்னை டவரும் விமானமும் இரண்டும் கேட்கும். விழுப்புரத்தில் இருப்பவருக்கு விமானியின் பதில் மட்டும் வரும், கேள்வி வராது. பாதி உரையாடல் கேட்பது பழுதல்ல, இயற்கை. பெரும்பாலான ஊர்களில் இப்படித்தான் இருக்கும். யாழ்ப்பாணத்து மாடியிலிருந்து கேட்பவருக்கு இதில் ஓர் ஆதாயம் உண்டு: உயரே பறப்பவர்கள் சென்னையோடு பேசுவதையும் கொழும்போடு பேசுவதையும் இரண்டையும் பிடிக்கலாம்.

வங்காள விரிகுடாவின் நடுவில் இருக்கும் விமானங்கள் கேட்காது. அவை சிற்றலையிலோ, சிபிடிஎல்சி எனும் எழுத்துச் செய்தி முறையிலோ தொடர்பு கொள்கின்றன.

எண்களை எங்கே எடுப்பது?

யாரோ தட்டச்சு செய்து சுற்றவிட்ட பட்டியலை நம்ப வேண்டாம். அலைவரிசைகள் மாறுகின்றன, பட்டியல்கள் மாறுவதில்லை. ஒவ்வொரு நாடும் ஏஐபி என்ற வான்வழித் தகவல் நூலை வெளியிடுகிறது. இந்தியாவில் இதை வெளியிடுவது விமான நிலைய ஆணையம், அதன் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். விமான நிலையத்தின் நான்கெழுத்துக் குறியை, எடுத்துக்காட்டாகச் சென்னைக்கு விஓஎம்எம் என்பதை, திறந்து ஏடி 2.18 என்ற அட்டவணைக்குப் போங்கள். டவர், கிரவுண்ட் (தரையில் நகரும் விமானங்களுக்கு), அப்ரோச் (நெருங்கி வரும், புறப்பட்டுப் போகும் விமானங்களுக்கு), ஏடிஐஎஸ் (தானியங்கி நிலவர அறிவிப்பு) என்று ஒவ்வொன்றின் எண்ணும் நேரமும் அங்கே இருக்கும். அடுத்த அட்டவணையான ஏடி 2.19 வழிகாட்டிக் கருவிகளுக்கானது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள், சோதனைக்கு உதவும். நெடுந்தூரப் பறப்பைக் கட்டுப்படுத்தும் ஏரியா கன்ட்ரோல் எண்கள் நூலின் ஈஎன்ஆர் பகுதியில் உள்ளன.

எல்லா இடத்துக்கும் பொதுவானவை இரண்டு. 121.500 உலகெங்கும் அவசர அலைவரிசை. பெரும்பாலும் அமைதியாக இருக்கும், இருக்கவும் வேண்டும். 123.450 கடல் மேல் பறக்கும் விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது.

ஐரோப்பாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 8.33 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி நடைமுறையில் உள்ளது, நூலில் எழுதியிருப்பது அலைவரிசையின் பெயர் மட்டும், உண்மையான அதிர்வெண் அல்ல. 118.010 என்று பெயருள்ளது உண்மையில் 118.0083-இல் இருக்கிறது. ஓரிரு கிலோஹெர்ட்ஸ் பிசகு காதுக்குப் பெரிதாகத் தெரியாது என்பதால் குழம்பத் தேவையில்லை. இந்தியா, இலங்கைப் பக்கம் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்பதால் இந்தத் தலைவலி இல்லை.

கையால் பதிவது

முதல் முயற்சிக்கு டவரை எடுக்காதீர்கள். இரவில் பத்து நிமிடம் யாரும் பேசாமல் போகலாம், நீங்கள் அமைப்பைக் குறை சொல்வீர்கள். நிற்காமல் ஒலிக்கும் ஒன்று வேண்டும். விமான நிலையத்துக்கு அருகில் இருந்தால் ஏடிஐஎஸ்: காற்று, ஓடுபாதை, அழுத்தம் ஆகியவற்றைப் பதிவுக்குரல் திரும்பத் திரும்பச் சொல்லும். சற்றுத் தள்ளி இருந்தால் விஓஆர் எனும் வழிகாட்டி. அது 108–118 பகுதியில் இரவும் பகலும் ஒலிக்கிறது, சில விநாடிக்கொரு முறை தன் பெயரை மோர்ஸில் சொல்கிறது. சென்னை விஓஆரின் பெயர் எம்எம்வி: டா டா, டா டா, டி டி டி டா. இது கேட்டுவிட்டால் கருவி, ஆன்டெனா, ஏஎம் அமைப்பு மூன்றும் சரி என்று பொருள்.

1. எஃப் விசையை அமுக்கி 3-ஐ அமுக்கினால் பதிவுநிலைக்கும், எண்ணை நேரே தட்டும் விஎஃப்ஓ நிலைக்கும் மாறும். திரையில் சேனல் எண் போய் அதிர்வெண் மட்டும் தெரிந்தால் விஎஃப்ஓ.

2. அதிர்வெண்ணை ஆறு இலக்கமாகத் தட்டுங்கள். 118.1 என்றால் 1-1-8-1-0-0. மூன்றே இலக்கம் தட்டிவிட்டுக் காத்திருந்தால் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும்.

3. மெனுவில் ஏஎம் என்ற வரியைத் தேடி ஆன் செய்யுங்கள். இதை எண் தட்டிய பிறகே செய்ய வேண்டும். கருவி 108–136-க்கு வெளியே நிற்கும்போது மாற்றிப் பயனில்லை.

4. ஸ்டெப் என்ற வரியில் 25 கிலோஹெர்ட்ஸ்.

5. டபிள்யூ/என் என்ற வரியில் வைட் (அகன்ற பட்டை). எஃப்எம் பழக்கத்தில் நேரோ (குறுகிய பட்டை) நல்லது என்று தோன்றும். பரந்த பகுதியைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு அறைகள் சில ஒரே அலைவரிசையில் பல கோபுரங்களிலிருந்து ஒரே நேரத்தில் அனுப்புகின்றன, அவை ஒன்றோடொன்று மோதாதிருக்க ஒவ்வொன்றையும் நடுவிலிருந்து 5 அல்லது 7.3 கிலோஹெர்ட்ஸ் நகர்த்தி வைப்பதுண்டு. நேரோவில் அவை விளிம்பில் வெட்டுப்படும்.

6. ஆர்-சிடிசிஎஸ், ஆர்-டிசிஎஸ் இரண்டும் ஆஃப். விமான அலையில் துணைத்தொனி கிடையாது. இதில் ஏதாவது எண் மிச்சம் இருந்தால் சமிக்ஞைக் கம்பிகள் திரையில் ஏறும், ஒலிபெருக்கி வாய் திறக்காது.

7. இரைச்சலை அடக்கும் எஸ்க்யூஎல் வரியில் 0. இரைச்சல் கொட்டும், கொட்டட்டும். இரைச்சலுக்குள் ஏடிஐஎஸ் குரலோ மோர்ஸோ கேட்கிறதா பாருங்கள். கேட்ட பிறகு 1 அல்லது 2-க்கு ஏற்றுங்கள்.

8. சேவ் என்ற மின்கலச் சிக்கனத்தை ஆஃப் செய்யுங்கள். அது கருவியைச் சிறிது தூங்கவைத்து, சிறிது விழிக்கவைத்துச் சேமிக்கும் முறை. சாதாரண வாக்கி டாக்கியில் ஒருவர் பத்து விநாடி பேசும்போது அது தெரியாது. விமானப் பேச்சு மூன்று நான்கு விநாடி, முதல் சொல் அழைப்புக்குறி. கருவி விழிப்பதற்குள் யாரைக் கூப்பிட்டார்கள் என்பது போய்விடும்.

9. டிடிஆர் என்ற இரட்டைக் கவனிப்பையும் ஆஃப் செய்யுங்கள், அதே காரணம்தான்.

10. மெனுவில் மெம்-சிஎச் வரியில் காலியான எண்ணைத் தேர்ந்து உறுதி செய்தால் சேனல் பதிவாகும். மொத்தம் 200 இடம். ஏஎம் நிலையும் கூடவே பதிவாகும், ஆகவே முதலில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டே பதியுங்கள்.

கணினி வழி

பத்துச் சேனலுக்கு மேல் போனால் கையால் செய்வது பொறுமையைச் சோதிக்கும். சிர்ப் என்ற இலவச மென்பொருளும் கென்வுட் வகை இரட்டைமுனைக் கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள். யூவி-கே5-இன் பக்கத்தில் உள்ள யூஎஸ்பி-சி துளையில் போனின் கேபிளைச் செருகி மணிக்கணக்கில் போராடுபவர்கள் உண்டு. முதல் தலைமுறைக் கருவிகளில் அந்தத் துளை மின்னேற்றத்துக்கு மட்டும்.

கேபிள்தான் பாதித் தொல்லைக்குக் காரணம். முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றால் கருவி பதில் சொல்லாது. க்ளிக் என்ற சத்தம் வரும்வரை அழுத்துங்கள், தேவைப்பட்டால் பிளாஸ்டிக் விளிம்பைக் கத்தியால் சற்றுச் சீவுங்கள். உள்ளே போலி ப்ரொலிஃபிக் சில்லு இருந்தால் விண்டோஸ் அதை ஏற்க மறுக்கும். சிஎச்340 அல்லது எஃப்டிடிஐ சில்லுள்ள கேபிள் கேட்டு வாங்குவது நிம்மதி.

கருவியைச் சாதாரணமாக இயக்கிய பிறகே கேபிளைச் செருகி, சிர்ப்பில் கருவியிலிருந்து இறக்கும் கட்டளையைக் கொடுங்கள். நிறுவனம் குவான்ஷெங், மாதிரி யூவி-கே5. வந்த கோப்பை எதையும் தொடாமல் முதலில் ஒரு பிரதி சேமியுங்கள். பிறகு வரிசையாக நிரப்புங்கள்: அதிர்வெண், பெயர், மோட் என்ற கட்டத்தில் ஏஎம், டோன் எதுவும் இல்லை, ஆற்றல் குறைவு. பெயருக்குப் பத்து எழுத்துக்குள் ஆங்கிலச் சுருக்கம் வையுங்கள். டவர், கிரவுண்ட் என்று மட்டும் வைத்தால் இரண்டாவது ஊரைச் சேர்க்கும்போது குழம்பும், ஊர்க்குறியையும் சேர்த்துவிடுங்கள். முடித்ததும் கருவிக்கு ஏற்றும் கட்டளை. திரும்பவும் ஒரு சேனலைத் திறந்து ஏஎம் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். மோட் கட்டம் எஃப்எம் என்றே நின்றுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

ஸ்கேன் வைக்கும்போது

யூவி-கே5-இல் இரண்டு ஸ்கேன் பட்டியல்கள் உண்டு. மெனுவில் எஸ்-ஆட்1, எஸ்-ஆட்2 வரிகளில் சேனலைச் சேர்க்கலாம், சிர்ப்பிலும் செய்யலாம். நட்சத்திர விசையை நீண்ட நேரம் அமுக்கினால் ஸ்கேன் ஓடும். எஸ்சி-ரெவ் வரியில் சிஓ வையுங்கள்: பேச்சு நின்றதும் அடுத்ததற்கு நகரும். டிஓ வைத்தால் பேச்சின் நடுவில் நகர்ந்துவிடும், எஸ்இ வைத்தால் முதல் சமிக்ஞையிலேயே நின்றுவிடும்.

ஏடிஐஎஸ்ஸையும் விஓஆரையும் ஸ்கேன் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை ஓய்வதே இல்லை, ஸ்கேன் அங்கே போய் உட்கார்ந்துவிடும். பட்டியலில் ஏழெட்டுக்கு மேல் வேண்டாம். நாற்பது சேனலைச் சுற்றி வருவதற்குள் பேச்சு முடிந்திருக்கும். பேச்சின் அழகே கேள்வியும் பதிலும் சேர்ந்து வருவதில் இருக்கிறது, அதனால் ஓரளவு பழகிய பிறகு அப்ரோச் ஒன்றில் மட்டும் அரைமணி நேரம் உட்காருவதே நல்லது என்போம்.

ஆன்டெனா

கூட வரும் குட்டை ரப்பர் ஆன்டெனா 145, 435 மெகாஹெர்ட்ஸுக்கு ஆனது. விமானப் பகுதியில் அது அரைகுறை. தலைக்கு மேல் போகும் விமானத்துக்குப் போதும், 200 கிலோமீட்டர் தள்ளிப் போகும் ஒன்றுக்குப் போதாது.

மலிவான மேம்பாடு, இழுத்து நீட்டும் டெலிஸ்கோபிக் ஆன்டெனா. பகுதியின் நடுவான 127 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் 59 சென்டிமீட்டர், கம்பியில் சற்றுக் குறைத்து 56 என்று வையுங்கள். முழுதாக நீட்டியதுதான் நல்லது என்றில்லை, அளந்து நிறுத்துங்கள். யூவி-கே5-இன் உடலில் நடுவே ஊசி உள்ள எஸ்எம்ஏ ஆண்முனை இருக்கும், ஆகவே ஆன்டெனாவில் பெண்முனை வேண்டும். மாற்றி வாங்கிவிட்டால் திருகவே முடியாது. நீண்ட கம்பியை மாட்டிக்கொண்டு கருவியைப் பாக்கெட்டில் போடாதீர்கள், நெம்புகோலாகி முனையைப் பெயர்த்துவிடும்.

கால் அலை ஆன்டெனாவுக்கு எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். கையில் பிடிக்கும்போது உங்கள் உடல் அந்த வேலையைச் செய்கிறது, மேசையில் வைத்ததும் ஒலி தணிவது அதனால்தான். 56 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியின் ஒரு முனையை ஆன்டெனா அடிப்பாகத்தின் வெளிவளையத்தில் இறுக்கி, மறுமுனையைக் கீழே தொங்கவிட்டால் வித்தியாசம் தெரியும். செலவு ஒரு ரூபாய்.

மாடியில் நிலையாக வைப்பதானால் நீங்களே கட்டலாம். ஒரு எஸ்ஓ-239 இணைப்பான், 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஐந்து துண்டு. நடுமுனையில் 56 சென்டிமீட்டர் துண்டை நிமிர்த்திப் பற்றவையுங்கள். நான்கு மூலைத் துளைகளில் 59 சென்டிமீட்டர் துண்டுகளைக் கட்டி, கீழ்நோக்கி 45 பாகையில் வளையுங்கள். அங்கிருந்து ஆர்ஜி-58 கேபிள், கருவிக்கு ஒரு மாற்று இணைப்பான். கேபிள் 10 மீட்டருக்கு ஏறத்தாழ 2 டெசிபல் தின்னும், ஆகவே தேவைக்கு மேல் சுருட்டி வைக்காதீர்கள். இணைப்பானின் கீழ்வாயைத் தண்ணீர் புகாத நாடாவால் சுற்றுங்கள். ஐப்பசி மழையில் ஒரு வாரம் நனைந்த கேபிளின் பின்னல் பச்சை பூத்துவிடும். இடி மின்னல் வரும்போது கேபிளைக் கழற்றி வெளியே விடுங்கள். ஆன்டெனா செங்குத்தாகவே நிற்க வேண்டும், அனுப்புவதும் செங்குத்து அலைதான்.

பெரிய ஆன்டெனா போட்டபின் இன்னும் மோசமானால்

இது புதியவர்களை மிகவும் குழப்பும். ஆன்டெனாவை மாற்றியதும் விமானக் குரலுக்குப் பதில் நசுங்கிய சினிமாப் பாட்டு வரும். நகரத்தில் எஃப்எம் வானொலி நிலையங்கள் கிலோவாட் கணக்கில் அனுப்புகின்றன, அவை விமானப் பகுதிக்கு ஒட்டிய கீழ்வீட்டுக்காரர்கள். மலிவான கருவியின் நுழைவாயிலில் வடிகட்டி பலவீனம். இரண்டு வலுவான நிலையங்கள் உள்ளே கலந்து, இல்லாத மூன்றாவதைப் பிறப்பிக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்துப் பாருங்கள்: சென்னையில் 106.4-ஐ இரட்டித்தால் 212.8, அதில் 93.5-ஐக் கழித்தால் 119.3. விமானப் பகுதிக்கு உள்ளேயே.

மருந்து, 88–108 பகுதியைத் தடுக்கும் எஃப்எம் வடிகட்டி. தீப்பெட்டி அளவுக்கு, இருபுறமும் எஸ்எம்ஏ முனையோடு கிடைக்கும். ஆன்டெனாவுக்கும் கருவிக்கும் இடையே திருகிவிட வேண்டியதுதான். அது வரும்வரை குட்டை ஆன்டெனாவுக்குத் திரும்புங்கள். வலுவான நிலையம் சற்றுக் குறைந்தாலே கலப்பு பல மடங்கு குறைந்துவிடும்.

பாட்டு இல்லை, ஒரே கரகரப்பு என்றால் வீட்டுக்குள் தேடுங்கள். மலிவான எல்இடி விளக்கு, போன் சார்ஜர், மின்விசிறிச் சீராக்கி, இன்வெர்ட்டர் எல்லாம் இப்பகுதியில் இரைகின்றன. ஏஎம் இவற்றை அப்படியே காட்டிக்கொடுக்கும். கருவியை மின்னேற்றிக்கொண்டே கேட்பதைத் தவிருங்கள். மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பார்த்தால் குற்றவாளி உங்கள் வீட்டிலா, பக்கத்து வீட்டிலா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது வகைக் கோளாறு யூவி-கே5-க்கே உரியது. தொலைவில் உள்ளவர் தெளிவாகக் கேட்பார், அருகில் பறப்பவர் குழறுவார். இதில் உள்ள பிகே4819 சில்லு முதன்மையாக எஃப்எம்முக்கு ஆனது. வலுவான ஏஎம் சமிக்ஞை வரும்போது தொழிற்சாலை நிரல் உள்வாங்கும் அளவைத் தக்கபடி குறைப்பதில்லை, அலையின் முகடுகள் வெட்டுப்பட்டு ஒலி நசுங்குகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆன்டெனாவை இரண்டு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். கழற்றிவிட்டால் இன்னும் தெளிவாகக் கேட்கும் இடங்களும் உண்டு.

ஃபர்ம்வேர் மாற்றலாமா?

இந்தக் குழறலைச் சரிசெய்யவே பலர் ஃபர்ம்வேரை, அதாவது கருவியின் உள்நிரலை, மாற்றுகிறார்கள். எக்சூமர், எஃப்4எச்டபிள்யூஎன் போன்ற ஆர்வலர் நிரல்களில் ஏஎம் ஃபிக்ஸ் என்ற அமைப்பு உண்டு, அது சமிக்ஞை வலுவைப் பார்த்து வாயிலைத் திறந்து மூடும். ஒலி நன்றாகவே மாறும். எக்சூமரில் எஃப், 5 அமுக்கினால் அலைப்பரப்பு வரைபடம் வரும், எந்த எண்ணில் யார் பேசுகிறார்கள் என்று கண்ணால் பார்க்கலாம். ஏஎம் தேர்வு அங்கே டெமோடு என்ற வரியில் இருக்கும்.

ஆனால் ஒரு மாதம் தொழிற்சாலை நிரலிலேயே கேளுங்கள். மாற்றுவதானால் முதலில் கருவியின் 8 கிலோபைட் நினைவகத்தை முழுதாகப் பிரதி எடுங்கள். அதன் கடைசி 512 பைட்டில் உங்கள் கருவிக்கே உரிய அளவீட்டு எண்கள் இருக்கின்றன, அழிந்தால் வேறெங்கும் கிடைக்காது. பிறகு கருவியை அணைத்து, பிடிடியை அமுக்கியபடி இயக்கினால் டார்ச் விளக்கு எரியும், திரை வெறுமையாக இருக்கும். அதுதான் ஏற்றும் நிலை. மின்கலம் நிறைந்திருக்கட்டும். அண்மையில் வந்த யூவி-கே5 பதிப்புகள் சிலவற்றில் உள்ளே வேறு சில்லு, பழைய நிரலை அதில் ஏற்றாதீர்கள். தரவிறக்கும் பக்கத்தில் எந்தப் பதிப்புக்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடருங்கள். எஃப்-லாக் என்ற அனுப்புதல் பூட்டு வரியை மட்டும் எந்த நிரலிலும் திறக்க வேண்டாம்.

கேட்பது புரிய

புறப்படும் விமானம் ஒன்றைப் பின்தொடருங்கள். ஏடிஐஎஸ் கேட்டுவிட்டு அனுமதி வாங்கும், கிரவுண்டிடம் நகரக் கேட்கும், டவரிடம் ஓடுபாதை, பிறகு அப்ரோச், உயர ஏறியதும் ஏரியா கன்ட்ரோல். ஒவ்வொரு மாற்றத்திலும் அடுத்த எண்ணைக் கட்டுப்பாட்டாளர் வாய்விட்டுச் சொல்வார், விமானி திருப்பிச் சொல்வார். அந்த எண்ணைக் காதில் வாங்கி நீங்களும் மாற்றினால் கதை தொடரும். ஏஐபியில் தேடாமலே பாதி அலைவரிசைகள் இப்படிக் கிடைத்துவிடும்.

இண்டிகோவின் அழைப்புப் பெயர் ஐஃப்ளை, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஸ்பீட்பேர்ட். எண்கள் ஒவ்வொன்றாக வரும்: ஒன்பது நைனர், மூன்று ட்ரீ, ஐந்து ஃபைஃப், புள்ளிக்கு டெசிமல். சென்னையில் ஜீரோ செவன், டூ ஃபைஃப் என்று கேட்டால் முதன்மை ஓடுபாதையின் இரண்டு முனைகள், ஒன் டூ, ட்ரீ ஜீரோ என்றால் குறுக்கு ஓடுபாதை. பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் வைத்து அழைப்புக்குறியையும் எண்ணையும் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் பத்தில் இரண்டு புரியும். காதொலிப்பான் மாட்டிக்கொண்டால் நான்கு.